எல்லை கடந்த புகையிரதமும் பொறுப்பும்

வங்குரோத்தான ஒரு கம்பனியின் பாதைகளைப் பெற்று 2003இல் தோன்றியது மொன்றியல், மெயின் அன்ட் அத்திலாந்திக் புகையிரதக் கம்பனி. கனடாவின் கியூபெக்கையும் ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்தையும் இணைத்த அப்பாதையில் காகித, மரப்பொருட் போக்குவரத்து நலிவுற்றபோது வட டக்கோட்டாவின் மசகெண்ணெய் புதிய வருமானமாயிற்று. செலவைக் குறைக்க ஒருவரே புகையிரதத்தைச் செலுத்தும் முறை புகுந்தது. 2012இல் கனேடிய அரசும் அதற்கு இணங்கியது.

2013 யூலை 6ஆம் திகதி, சரிவான பாதையில் ஆளின்றி நிறுத்தப்பட்டிருந்த எண்ணெய்ப் புகையிரதம் உருண்டோடி லாக்-மெகான்ரிக் நகரில் தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் மாண்டனர். இயந்திரம் அணைக்கப்பட்டபின் காற்றுத்தடுப்பு தளர்ந்தது. ஏழு கைத்தடுப்புகள் போதவில்லை.

அடுத்த மாதமே கம்பனி இரு நாடுகளிலும் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. உயிரிழப்புக்குக் காரணமான அலட்சியம் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஊழியர் மூவரை 2018இல் யூரிமார் விடுவித்தனர். ஆகவே, இவ்வழிவின் காரணத்தைத் தனியொருவரின் தவறில் மட்டுமன்றி, சிக்கனத்தையே நிருவாகமாக்கிய கம்பனியிலும் அதனைப் போதியளவு கண்காணியாத அரசிலும் தேடுதல் வேண்டும்.