பேச்சுச் சரளம்: ஆய்வும் அளவீடும்

நினைப்பதைத் தடங்கலின்றி உடனுக்குடன் பேச்சாக்கும் திறனே பேச்சுச் சரளம். பிறமொழி கற்பவர்களோடு சேர்த்தே இன்று இது பேசப்பட்டாலும், இதன் முக்கியமான தொடக்க ஆய்வுகள் தாய்மொழியில்தான் நடந்தன. லண்டனில் பணியாற்றிய உளமொழியியலாளர் ஃப்ரீடா கோல்ட்மன்-ஐஸ்லர், ‘நியூயார்க்கர்’ இதழின் கேலிச்சித்திரங்களைக் காட்டி, முதலில் அவற்றில் நடப்பதை விவரிக்கச் சொன்னார். பிறகு உட்கருத்தைக் கேட்டார். உட்கருத்தைச் சொல்லும்போது மௌனம் கூடியது. சொன்னதையே மறுபடி மறுபடி சொல்லவைத்தபோது குறைந்தது. 1968இல் அவர் நூலாகத் தொகுத்த இந்த ஆய்வுகள், பேச்சில் விழும் இடைவெளி சிந்தனை நடக்கும் நேரம் என்பதை நிறுவின.

சரளத்தை வேகம், இடைநிறுத்தம், திருத்தம் என மூன்றாகப் பிரித்து அளக்கும் முறையை பீட்டர் ஸ்கீஹன் வகுத்தார். பேச்சைப் பதிவுசெய்து, ‘ப்ராட்’ என்னும் இலவச மென்பொருளில் அலைவடிவமாக விரித்துப் பார்ப்பார்கள். பொதுவாக 250 மில்லி வினாடிக்குக் குறைந்த மௌனங்கள் கணக்கில் சேராது. ஏனென்றால், வல்லின எழுத்தை ஒலிக்க வாய் அடைபடும்போதே சிறு மௌனம் உண்டாகிவிடும்.

ஒருவர் எத்தனை முறை நிறுத்துகிறார் என்பதைவிட எங்கே நிறுத்துகிறார் என்பதுதான் அதிகம் சொல்லும். வாக்கியம் முடியும் இடத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். வாக்கியத்தின் நடுவே, சொல் கிடைக்காமல் நிற்பதுதான் இரண்டாம் மொழியில் பேசுகிறவரிடம் கூடுதலாகத் தெரிகிறது.

அதைவிட முக்கியமான கேள்வி: அவர் தம் தாய்மொழியில் எப்படிப் பேசுகிறவர்? நெதர்லாந்து ஆய்வாளர் நிவ்யா டி யோங்கும் குழுவினரும், டச்சு கற்ற ஆங்கில, துருக்கிய மொழியினரை இரு மொழிகளிலும் பேசவைத்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். தாய்மொழியில் நிதானமாகப் பேசுகிறவர் டச்சிலும் நிதானமாகவே பேசினார். அந்த இயல்பைக் கழித்துவிட்டு அசைகளின் வேகத்தைப் பார்த்தபோது, மொழித்தேர்ச்சியை இன்னும் துல்லியமாகக் கணிக்க முடிந்தது. வேகத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் வாய்மொழித் தேர்வு, மெதுவாகப் பேசும் இயல்புள்ளவருக்கு அநீதி செய்யக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

கேட்பவரின் காதும் ஆய்வுக்கு உட்பட்டது. ஹான்ஸ் ருட்கர் போஸ்கரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட சோதனையில், திரையில் கையின் படமும் தையல் இயந்திரத்தின் படமும் போல, அடிக்கடி புழங்கும் பொருளும் அரிதாகப் புழங்கும் பொருளும் தோன்றும். தாய்மொழியினர் குரலில் “அ…” என்ற தயக்கம் கேட்டதும், சொல் வருமுன்பே கேட்பவரின் கண் தையல் இயந்திரத்தை நாடியது. அதே தயக்கம் அயல் உச்சரிப்பில் வந்தபோது கண் அப்படி நகரவில்லை.