உப்பிட்ட பன்றியும் ஊறுகாய் என்ற பெயரும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே, 2,512 சதுர கிலோமீட்டர் பரப்பில் எரிமலைக் குழம்பு இறுகி உருவான ரீயூனியன் தீவில், வீட்டுச் சமையலின் அடையாளமாகவே கருதப்படும் குழம்பு ‘ரூகாய் சொசிஸ்’ ஆகும். சொசிஸ் என்பது கொத்திய பன்றிக்கறியில் உப்பும் மசாலாவும் பிசைந்து குடலுறைக்குள் அடைத்துச் செய்யும் பிரெஞ்சுப் பண்டம். ரூகாய் என்பதோ தமிழரின் ஊறுகாய். முதலில் நின்ற ஊகாரம் உதிர்ந்துவிட்டது. எஞ்சிய பகுதியில் வரும் ககரத்தைத் தமிழர் எவ்வாறு மெலிந்த ஒலியுடன் சொல்கிறார்களோ, அவ்வாறே அத்தீவினர் இன்றும் சொல்கின்றனர். குடியேற்ற நாடுகளில் பல இனத்தார் கலந்து உருவாக்கிய மொழியையும் சமையலையும் கிரியோல் என்று வழங்குவர். அந்தக் கிரியோல் சமையலறையில், உப்பில் ஊறிய மாங்காயின் பெயர் பன்றிக்கறிக் குழம்பின்மேல் எவ்வாறு ஏறியது என்பது, தீவின் முந்நூறாண்டுக் குடியேற்ற வரலாற்றோடு பின்னிக் கிடக்கும் கேள்வியாகும்.

அத்தீவில் மனிதரைவிடப் பன்றி மூத்த குடி. பழங்குடியினர் எவருமில்லாத, வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி இல்லாத அந்நிலத்தில், வழியிடையே தண்ணீர் பிடிக்க ஒதுங்கிய கப்பலோட்டிகள், மறுமுறை வரும்போது உணவாகட்டும் என்று ஆடுகளையும் பன்றிகளையும் இறக்கிவிட்டுச் சென்றனர். 1646இல் மடகாஸ்கரின் பிரெஞ்சுக் கோட்டையில் கலகம் செய்த பன்னிருவர் தண்டனையாக அங்கே கொண்டுவிடப்பட்டனர். மூன்றாண்டு கழித்து அவர்கள் திரும்பியபோது, காட்டுப் பன்றியும் ஆமையும் தின்று கொழுத்த உடம்போடு வந்து நின்றது, தண்டித்தவர்களுக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும். 1649இல் அக்கோட்டையின் ஆளுநர் ஃப்ளாக்கூர் தீவுக்கு புர்போன் என்று பெயரிட்டார். 1663இல் இரண்டு பிரெஞ்சுக்காரரும் பத்து மலகாசியரும் கரையேறினர். 1665இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முறையான குடியேற்றத்தைத் தொடங்கியது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்நிலத்தில் பன்றியைப் பிடிப்பதைவிட அதன் கறியைக் கெடாமல் காப்பதே பெரும்பாடாக இருந்தது. அதற்கு வழி உப்பும் புகையும்தான். வார்வாராக அரிந்த கறியில் உப்பைத் தேய்த்து, விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, அன்றாடம் எழும் புகையிலேயே கருக்க விடுவர். இவ்வாறு ஆன கறிக்கு ‘புக்கானே’ என்று பெயர். இச்சொல்லின் வேர் பிரான்சிலும் இல்லை, ஆப்பிரிக்காவிலும் இல்லை. தென்னமெரிக்காவின் துப்பி மக்கள் இறைச்சியைப் புகையில் வாட்டும் மரச்சட்டத்துக்கு வழங்கிய பெயர் அது. அங்கிருந்து கரீபியத் தீவுகளில் பன்றி வேட்டையாடித் திரிந்தவர்களுக்கும், பிறகு கடற்கொள்ளையருக்கும் பெயராகி, பிரெஞ்சு மாலுமிகளின் வாயில் ஏறி, இந்தியப் பெருங்கடலுக்கு வந்து சேர்ந்தது. ஒரே சட்டியில் துப்பிச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் சேர்ந்து ‘ரூகாய் புக்கானே’ என்று வேகும் இடம் உலகில் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே.

மசாலாவின் வரவு ஒரே அலையில் நிகழ்ந்ததன்று. 1678இல் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து இந்தோ-போர்த்துக்கீசியப் பெண்கள் சிலர் தீவுக்கு வந்து குடியேறியவர்களுக்கு மனைவியராயினர். பூண்டும் காடியும் இட்டுப் பன்றிக்கறி சமைக்கும் வழக்கம் உள்ள கரை அது. பதினெட்டாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர்; அவர்களோடு புதுச்சேரிப் பக்கத்தவரும் இருந்தனர். 1848 டிசம்பர் 20ஆம் நாள் ஆணையர் சார்தா கரிகா அடிமை ஒழிப்பை அறிவித்து ஏறத்தாழ 62,000 பேர் விடுதலை பெற்ற பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒப்பந்தக் கூலிகளில் முன்னோடிகள் 1828இலேயே ஏனாமிலிருந்து போன தெலுங்கர் என்றாலும், பின்னர் புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களில் கப்பலேறியவருள் பெரும்பாலோர் தமிழர். 1882இல் ஆங்கிலேய அரசு ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை இது தொடர்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு ‘மல்பார்’ என்று மலையாளக் கரையின் பெயர் நிலைத்தது, பிரெஞ்சு அதிகாரிகளின் நிலவியல் அறிவுக்குச் சான்று.

தமிழ் பேச்சுமொழியாக அங்கே தேய்ந்தது. அடுப்படியில் மட்டும் தேயவில்லை. கறி ‘கரி’யாகவும், கறிவேப்பிலை ‘கலூபிலே’யாகவும், கொத்தமல்லி ‘கொத்தோமிலி’யாகவும், முருங்கை ‘முருங்’காகவும் எல்லா இனத்தாருடைய சமையலறையிலும் வழங்குகின்றன. இஞ்சி பூண்டு இடிக்கும் கல்லுரலைக் ‘கலூ’ என்றே சொல்வோர் உண்டு. இவற்றுள் ஊறுகாய் ஒன்றுதான் பொருளிலும் வெகுதூரம் போனது. மிளகாயோடு தக்காளியையோ பச்சை மாங்காயையோ நசுக்கி, சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைக்கும் பச்சைத் தொகையல் ஒருவகை ரூகாய். அது பழைய பொருளுக்குக் கிட்டத்திலேயே நிற்கிறது. மற்றொரு வகை சட்டி நிறையக் கொதிக்கும் குழம்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் வந்ததற்கு, இரண்டிலும் தக்காளியும் மிளகாயும் இருப்பதே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எந்தெந்தக் குழம்பு ரூகாய் எனப்படுகிறது என்று பார்த்தால் வேறொன்று புலப்படும். சொசிஸ், புக்கானே, கருவாட்டைப் போல் உப்பிட்டு உலர்த்திய காட் மீன் ஆகிய மூன்றுமே இவ்வகையில் முதன்மையானவை; மூன்றும் உப்பிட்டுப் பதப்படுத்தியவை. அன்று வெட்டிய பன்றிக்கறியைச் சமைத்தால் அதற்குப் பெயர் ‘கரி கொஷோன்’, அதாவது பன்றிக் கறி. அதைப் பெரும்பாலும் ரூகாய் என்பதில்லை. உப்பில் ஊறியது என்ற பொருள், காயை விட்டுவிட்டுக் கறியைப் பற்றிக்கொண்டது என்று கருத இடமுண்டு. காடியும் மஞ்சளும் சேர்த்த காய்கறி ஊறுகாய்க்கு ‘அஷார்’ (இலங்கைத் தமிழர் அச்சாறு என்பதும் இதுவே) என்ற பெயர் அங்கே நிலைபெற்றுவிட்டதும் ரூகாயை வேறு வேலை தேட வைத்திருக்கலாம்.

சமைக்கும் முறையும் இந்தக் கருத்துக்குத் துணை நிற்கிறது. ஏனெனில் அதன் முதல் வேலையே உப்பை இறக்குவதுதான். சொசிஸை முள்ளால் ஆங்காங்கே குத்தி, தண்ணீரில் கால்மணி நேரம் கொதிக்கவிட்டு, மேலே கொழுப்புக் கண்கள் மிதக்கும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவர். உப்பு மிகுந்திருந்தால் இரண்டாம் முறையும் கொட்டுவர். பிறகு இருவிரல் கனத்துக்கு வெட்டி, ‘மார்மித்’ எனப்படும் கனத்த வார்ப்புச் சட்டியில் எண்ணெயை மிகக் குறைவாக விட்டு, துண்டுகள் தம் கொழுப்பிலேயே சிவந்து அடியில் பழுப்புப் பற்று பிடிக்கும்வரை வறுப்பர். அதில் வெங்காயத்தைப் போட, வெங்காயத்தின் நீர் அந்தப் பற்றைக் கரைத்துக்கொள்ளும். அடுத்து உரலில் இடித்த இஞ்சி, பூண்டு, மிளகாய், ஒரு கொத்துத் தைம் இலை, கடைசியில் தக்காளி. தண்ணீர் விடுவது தேவையில்லை. தக்காளி குழைந்து கொழுப்பு ஓரத்தில் பிரியும்வரை மூடிவைத்தால் போதும். மஞ்சள்தூள் போடலாமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்குண்டு: மஞ்சள் இட்டால் அது கரியாகிவிடும், ரூகாயாகாது என்பது பழமைவாதிகளின் தீர்ப்பு. மலையோரச் சிற்றூரான பிளேன்-தெ-க்ரேகில் விளையும் மஞ்சளைத் தீவினர் குங்குமப்பூவின் பெயரால் ‘சஃப்ரான்’ என்றே அழைப்பது தனிக் குழப்பம்.

இன்று இந்தக் குழம்போடு சோறும் பயறும் கீரையும் இணைபிரியாதவை. சோறு எப்போதும் எல்லார்க்கும் கிட்டியதில்லை. அடிமைகளும் மலைப்பகுதி ஏழை வெள்ளையரும் நெடுங்காலம் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்தனர். இரண்டாம் உலகப்போரில் கடல்வழி அடைபட்டு அரிசிக் கப்பல்கள் நின்றபோது, 1942 நவம்பர் இறுதியில் விடுதலைப் பிரெஞ்சுப் படையின் கப்பல் வந்து சேரும்வரை, மரவள்ளியும் சர்க்கரைவள்ளியுமே கஞ்சி வார்த்தன. பன்றிக்கறியும் அவ்வாறே அரிய பொருள்: ஆண்டு முடிவில் வீட்டுப் பன்றியை அறுத்து, அண்டை வீடுகளுக்குப் பங்கிட்டு, கொழுப்பை உருக்கிச் சமையலுக்கு எடுத்துவைத்து, எஞ்சியதைச் சொசிஸாகவும் புக்கானேயாகவும் மாற்றி மாதக்கணக்கில் வைத்துண்டனர். 1946இல் தீவு பிரான்சின் மாவட்டமாகி, சம்பளமும் குளிர்பெட்டியும் கடைவீதியும் பரவிய பின்னரே ரூகாய் சொசிஸ் வாரந்தோறும் வைக்கும் குழம்பாயிற்று. இப்போது கெடாமல் காக்க உப்பும் புகையும் தேவையில்லை, நாக்குக்குத்தான் தேவைப்படுகின்றன.

மல்பார் வீடுகளில் ‘பாந்தியலே’ என்று வழங்கும் பாஞ்சாலியம்மனின் தீமிதிக்கு முன் பதினெட்டு நாள் விரதம் இருப்பர். அந்நாட்களில் கறிச் சட்டி ஒதுக்கி வைக்கப்படும். வாழையிலையில் சோறும் காய்கறிக் கரிகளுமே பரிமாறப்படும். இலையின் ஓரத்தில், மிளகாயோடு நசுக்கிய பச்சை மாங்காய் சிறிது வைப்பர். அதற்கும் பெயர் ரூகாய்தான்.