காப்புறுதி நிறுவன ஆய்வுச் செலவு (மலேசியா)

காப்புறுதி நிறுவனங்களின் நிதிநிலை, கணக்கு, இழப்பீட்டு நடைமுறை ஆகியவற்றைக் கண்காணிப்பு அமைப்பு சோதிப்பதற்கு ஆகும் செலவு. அதை யார் ஏற்கிறார் என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது.

மலேசியாவில் காப்புறுதி கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே கெடா போன்ற மாநிலங்களின் அரசுகளுக்கு இதில் பங்கில்லை. கெடாவின் பெண்டாங்கில் நெல் விவசாயி ஒருவர் தம் மோட்டார் சைக்கிளுக்கு எடுக்கும் கட்டாயக் காப்புறுதிக்கும் கோலாலம்பூரே கண்காணிப்பாளர். 1963ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் நிதியமைச்சின் பொறுப்பில் இருந்தது. 1988 மே மாதத்தில் கண்காணிப்புப் பணி மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் வந்தது. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டமும், தக்காஃபுல் எனும் இஸ்லாமியக் காப்புறுதிக்கான இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டமும் இன்று ஆய்வு அதிகாரத்தை வழங்குகின்றன.

பேங்க் நெகாராவின் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அதன் இயக்குநர் வாரியத்தின் மேற்பார்வையில் உள்ளது. மத்திய வங்கியின் சொந்த வருமானமே கண்காணிப்புப் பணியாளர் செலவுக்கும் அடிப்படை. நிறுவனங்கள் பிஐடிஎம் எனப்படும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகத்துக்குச் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் வேறு. நிறுவனம் நொடித்தால் காப்புறுதிதாரருக்குப் பாதுகாப்பளிப்பதே அக்கட்டணத்தின் நோக்கம்.

அமெரிக்காவில் மாநிலங்களே கண்காணிக்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வு நடக்கும், பல மாநிலங்களில் செலவை ஆய்வுக்குள்ளாகும் நிறுவனமே கட்டும். இந்தியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காப்புறுதிக் கண்காணிப்பு ஆணையம், நிறுவனங்களிடம் பெறும் கட்டணத்தைத் தனி நிதியில் சேர்த்துச் செலவிடுகிறது.