அரமும் திருகாணியும்: அமெரிக்க ரிவால்வரில் குறியமைப்பு மாறிய வரலாறு

1930-ஆம் ஆண்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .38/44 ஹெவி டியூட்டி என்ற ரிவால்வரை வெளியிட்டது. காரில் தப்பும் கொள்ளையரைத் துரத்திய காவலர்களுக்கான துப்பாக்கி அது. .44 ரகத்துக்கென இருந்த பெரிய சட்டத்தில் .38 ஸ்பெஷல் தோட்டாவின் வீரியமான வடிவத்தைச் சுடலாம். மறு ஆண்டே அதே சட்டத்தில், அதே தோட்டாவுக்கு, அவுட்டோர்ஸ்மன் என்ற இன்னொரு ரிவால்வர் வந்தது. முதலாவதில் பின்குறி என்பது சட்டத்தின் மேற்பட்டையில் வெட்டிய ஒரு பள்ளம் மட்டுமே. இரண்டாவதில் அது திருகாணியால் ஏற்றி இறக்கவும் பக்கவாட்டில் நகர்த்தவும் கூடிய தனி உறுப்பு. ஒன்று காவலரின் இடுப்புக்கு, மற்றது வேட்டைக்காரரின் கைக்கு.

முன்குறியும் பின்குறியும் சேர்ந்ததையே துப்பாக்கி பழகியவர்கள் ‘சைட்’ என்கிறார்கள். இரண்டும் அசையாமல் இருந்தால் நிலைக்குறி. பின்குறியைத் திருத்த முடிந்தால் திருத்துகுறி என்று இங்கே வழங்குகிறேன். திருத்துகுறி துல்லியத்துக்கு, நிலைக்குறி உறுதிக்கு என்பதே வழக்கமான விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் வரலாற்றை அது முழுதாக விளக்குவதில்லை. ஒரு ரிவால்வர் எத்தனை விதமான தோட்டாக்களைச் சுட வேண்டியிருந்தது என்ற கேள்வியே இந்தத் தேர்வை ஒவ்வொரு காலத்திலும் தீர்மானித்தது என்பது என் கருத்து.

இதற்கு ஒரு சிறு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும். விசையை இழுத்ததும் குண்டு குழலுக்குள் ஓடத் தொடங்குகிறது. அது வெளியேறும் முன்பே பின்னுதைப்பால் குழலின் வாய் மேலே எழத் தொடங்கிவிடும். ஆகவே குறிபார்க்கும் கணத்தில் குழல் இலக்குக்குச் சற்றுக் கீழே நோக்கி இருக்க வேண்டும். ரிவால்வரில் முன்குறி உயர்ந்து நிற்பதன் காரணம் இதுதான். கனமான, மெதுவாகச் செல்லும் குண்டு குழலில் அதிக நேரம் தங்குகிறது; அதற்குள் வாய் இன்னும் உயர்ந்துவிடுகிறது. எனவே கைத்துப்பாக்கித் தொலைவுகளில் கனமான குண்டு மேலேயும், இலேசான வேகக் குண்டு கீழேயும் படுகின்றன. வேகமான குண்டுதான் மேலே படும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது முதலில் வியப்பாக இருக்கும். வியப்பு தீர்ந்ததும் ஒன்று விளங்கிவிடும்: நிலைக்குறி என்பது ஒரு குறிப்பிட்ட எடை, ஒரு குறிப்பிட்ட வேகம், ஒரு குறிப்பிட்ட தொலைவு ஆகியவற்றோடு ஆலை செய்துகொண்ட ஒப்பந்தம்.

கோல்ட்டின் 1851 நேவி ரிவால்வரில் மேற்பட்டையே கிடையாது. பின்குறியைச் சுத்தியலின் மூக்கிலேயே வெட்டினார்கள். சுத்தியலைப் பின்னிழுத்தால்தான் குறி தெரியும். அசையும் ஓர் உறுப்பின் மேல் அமைந்த குறியிடம் எவ்வளவு நுட்பத்தை எதிர்பார்க்க முடியும்? போதாததற்கு, அந்தத் துப்பாக்கிகள் பல அருகிலுள்ள இலக்கில் உயரமாகவே சுட்டன. ரெமிங்டனின் ரிவால்வர்களில் உருளைக்கு மேலே இரும்புப் பட்டை ஓடியது. அதில் ஒரு வாய்க்கால் வெட்டியதும் பின்குறி சட்டத்தோடு ஒன்றாகிவிட்டது. 1873-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியும் இதே வழியைப் பின்பற்றியது.

ஒப்பந்தம் உடைந்ததும் அந்தத் துப்பாக்கியில்தான். அதன் முதல் தோட்டா 40 கிரெயின் (மருந்தையும் குண்டையும் எடைபோடும் சிற்றலகு) கரிமருந்தும் சுமார் 250 கிரெயின் எடையுள்ள குண்டும் கொண்டது. 1875-இல் ஸ்கோஃபீல்ட் வகை ரிவால்வரும் படையில் சேர்ந்தது. அதன் உருளை குட்டை. நீளத் தோட்டா அதற்குள் போகாது. எனவே ஃபிராங்ஃபோர்ட் ஆயுதக் கிடங்கு இரண்டுக்கும் பொருந்தும் குட்டையான தோட்டாவைத் தயாரித்தது: 28 கிரெயின் மருந்து, 230 கிரெயின் குண்டு. கிடங்குக் கணக்கில் இது நல்ல தீர்வு. ஆனால் கோல்ட்டின் குறி நீளத் தோட்டாவின் காலத்தில் அமைந்தது; தோட்டா மாறியபோது அதனால் மாற முடியவில்லை. திருத்த வேண்டுமென்றால் ஆயுதப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். குண்டு கீழே பட்டால் முன்குறியை அரத்தால் தேய்ப்பார்கள். பக்கவாட்டில் விலகினால் குழலை மரையில் மயிரிழை அளவு திருப்புவார்கள், அல்லது முன்குறியை வளைப்பார்கள்.

அரத்தின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதை ஒரு கணக்கில் காணலாம். நான்கு அங்குலக் குழலுள்ள ரிவால்வரில் இரு குறிகளுக்கும் இடையே ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் இருக்கும். 25 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் கீழே படுகிறது என்றால், முன்குறியிலிருந்து 0.3 மில்லிமீட்டர் தேய்த்தால் போதும். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் இரும்பைத் திரும்ப ஒட்ட வழியில்லை. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை சுட்டுப் பார்த்த கைவினைஞர்களின் பொறுமையை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்புத்தான் வருகிறது.

திருத்துகுறியின் வரவு போர்க்களத்திலிருந்து நேரவில்லை, பந்தயத் திடலிலிருந்து நேர்ந்தது. இங்கிலாந்தின் தேசிய ரைஃபிள் சங்கம் 1890-இல் விம்பிள்டனை விட்டு சர்ரே மாவட்டத்தின் பிஸ்லிக்குத் தன் போட்டிகளை மாற்றியது. கோல்ட் நிறுவனம் அந்தத் திடலின் பெயரையே 1894-இல் ஒரு ரிவால்வருக்குச் சூட்டியது. பிஸ்லி வகையில் 44,000-க்கும் மேல் விற்றன. அவற்றில் தட்டையான மேற்பட்டையும் திருத்தக்கூடிய குறியும் கொண்டவை ஆயிரத்துக்கும் குறைவு. போட்டிப் பெயரைத் தாங்கிய துப்பாக்கியை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலைக்குறியையே வாங்கினார்கள் என்ற இந்த விகிதம் கவனிக்கத்தக்கது. அந்தத் தட்டைப்பட்டை வகையிலும் பின்குறி புறாவால் வடிவப் பள்ளத்தில் பக்கவாட்டில் மட்டுமே நகரும். உயரத்தை முன்குறியில்தான் சரிசெய்ய வேண்டும். பின்குறி ஒன்றிலேயே இரு திசைத் திருத்தமும் சேர்ந்தது வேறு துப்பாக்கிகளில், பின்னால்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் இரண்டு சந்தைகள் பிரிந்தன. காவல் துறைகள் .38 ஸ்பெஷலில் 158 கிரெயின் ஈயக் குண்டு என்ற ஒரே தோட்டாவில் நிலைத்தன. 1899-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மிலிட்டரி அண்ட் போலீஸும் 1927-இல் வந்த கோல்ட் அஃபிஷியல் போலீஸும் அந்தத் தோட்டாவுக்கு இசைந்த நிலைக்குறியோடு விற்றன. தோட்டா மாறாதபோது திருகாணிக்கு என்ன வேலை? உறையிலிருந்து உருவும்போது துணியில் சிக்காத, கார்க் கதவில் மோதினாலும் நகராத பள்ளமே அங்கே சிறந்தது. மறுபுறம் இலக்குச் சுடுவோருக்காக 1904-இல் கோல்ட் ஆஃபீசர்ஸ் மாடல் டார்கெட் வந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் உருவாயிற்று: சொந்தமாக ஈயம் வார்த்து, மருந்து அளந்து, தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொண்டவர்கள். அவர்களில் முதன்மையானவர் மாட்டுப்பண்ணையில் வாழ்ந்த எல்மர் கீத். துப்பாக்கி ஆர்வலர் ஹெரால்ட் கிராஃப்டின் யோசனைகளும் சில துப்பாக்கிக் கைவினைஞர்களின் உழைப்பும் சேர, பழைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனின் மேற்பட்டையைத் தட்டையாக்கித் திருத்துகுறி பொருத்திய ‘நம்பர் 5’ என்ற ரிவால்வரை 1929-இல் அவர் அமெரிக்கன் ரைஃபிள்மன் இதழில் விவரித்தார். கீத்தின் மேசையில் ஒரே .44 ஸ்பெஷல் துப்பாக்கிக்கு மென்மையான தோட்டாவும் இருந்தது, மிகக் கடுமையான தோட்டாவும் இருந்தது. ஆலையின் ஒப்பந்தம் அந்த மேசையில் செல்லாது. இந்த வரலாற்றின் திருப்புமுனையாக நான் கருதுவது இந்தத் துப்பாக்கியைத்தான்.

1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .357 மேக்னம் ரிவால்வர் வந்ததும் கீத்தின் நிலை பலருடைய நிலையாயிற்று. அந்தத் துப்பாக்கி மேக்னம் தோட்டாவையும் சுடும், பழைய .38 ஸ்பெஷலையும் சுடும். ஒரே உருளையில் இரண்டு குடும்பத் தோட்டாக்கள்! ‘ரெஜிஸ்டர்ட் மேக்னம்’ என்ற முதல் வரிசையில் குழலின் நீளத்தை வாங்குபவரே தேர்ந்தெடுத்தார். எந்தத் தொலைவுக்குக் குறி அமைய வேண்டும் என்றும் அவரே சொல்லலாம், ஆலை சுட்டுப் பார்த்துச் சரிசெய்து அனுப்பும். அதன் பிறகும் பின்குறி திருத்தக்கூடியதாகவே இருந்தது. 1940-இல் அதே நிறுவனத்தின் கே-22 ரிவால்வரில், சொடுக்குச் சொடுக்காக எண்ணித் திருப்பக்கூடிய மைக்ரோமீட்டர் பின்குறி வந்தது. போர் முடிந்ததும் அது பல வகைகளுக்குப் பரவியது.

அது காவலரின் உறைக்குள் நுழைந்த விதமும் சுவையானது. 1949-இன் காம்பாட் மாஸ்டர்பீஸில் மைக்ரோமீட்டர் பின்குறியோடு, உறையில் சிக்காமல் சரிந்து வரும் முன்குறி சேர்ந்தது. அந்த முன்குறியை வடிவமைத்தவர் எஃப்.பி.ஐ.யைச் சேர்ந்த ஃபிராங்க் பாமன். எல்லைக் காவலர் பில் ஜோர்டனின் தூண்டுதலால் 1955-இல் காம்பாட் மேக்னம் வந்தது. ஆனாலும் திருத்துகுறி பழைய நிலைக்குறியை விரட்டிவிடவில்லை. மெல்லிய எஃகுத் தகடும் சிறு திருகாணிகளும் அடிபட்டால் நகரும், உடையும் என்ற புகார் தொடர்ந்தது. 1980-களில் எஃப்.பி.ஐ. தன் முகவர்களுக்குக் கொடுத்த மூன்று அங்குல மாடல் 13, காம்பாட் மேக்னத்தின் அதே சட்டத்தில் செய்த நிலைக்குறித் துப்பாக்கி. அந்த அமைப்பு 158 கிரெயின் குண்டுள்ள ஒரே வகைத் தோட்டாவில் நிலைத்திருந்த காலம் அது. மேக்னம் சுடக்கூடிய துப்பாக்கியிலும் பள்ளமே போதுமானதாயிற்று.

ரூகர் நிறுவனத்தின் கதையில் இரு பாதைகளும் ஒரே ஆலைக்குள் வருகின்றன. 1955-இன் பிளாக்ஹாக், கீத் விரும்பிய தட்டைப்பட்டையையும் திருத்துகுறியையும் சாதாரண விலையில் தந்தது. 1960-களின் தொடக்கத்தில் பின்குறியின் இருபுறமும் காப்புச் சுவர்போல் இரும்பு மேடு எழுப்பினார்கள். திருகாணியின் பலவீனத்துக்கு ஆலையே சொன்ன பதில் அது. 1993-இல் அந்தப் பிளாக்ஹாக்கை அடியொற்றியே, பின்குறியை நீக்கி, மேற்பட்டையில் பழைய வாய்க்காலை வெட்டி, வக்கேரோ என்று விற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் உடையில் போட்டியிடும் கௌபாய் சுடுநர்கள் அதை ஆவலோடு வாங்கினார்கள். அவர்களில் பலர் பின்னுதைப்புக் குறைந்த இலேசான தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்கள். குண்டு கீழே பட்டபோது, 1870-களின் பட்டறைக்காரர்களைப் போலவே, முன்குறியின்மேல் அரத்தை வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி சுட்டுப் பார்த்தார்கள்.