உயர்த்திக் கட்டிய தீவு

இப்னு பதூதா மாலைதீவில் காழியாகப் பணியாற்றியது 1343-44 காலப்பகுதியில். அங்கிருந்துதான் அவர் நம் நாட்டுக்கு வந்து பாவாத மலை ஏறினார். அத்தீவுகளைப் பற்றி அவர் எழுதியவற்றுள் ஒரு சிறு விடயம் என் மனதிற் பதிந்தது. மண் ஈரலிப்பானதாகையால் அம்மக்கள் கல்லடுக்கித் தரையை உயர்த்தியே வீடு கட்டினராம். மாசிக்கும் கயிற்றுக்கும் பேர்போன அவர்கள் கடலோடு வைத்திருந்த கணக்கு அது.

தலைநகர் மாலேயில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் கணக்குப் பிழைத்தது. சனத்தொகை பெருக, தீவைச் சூழ்ந்திருந்த ஆழமற்ற பவளப்பாரை மண்ணிட்டு நிரப்பினர். நிலம் பாரின் விளிம்புவரை நீண்டது. வரும் அலை தன் வேகத்தை இழப்பது அந்த ஆழமற்ற பரப்பில்தான். அதை மூடி வீடு கட்டினால் அலை எங்கே களைப்பாறும்? 1987 ஏப்ரலில் எங்கோ தொலைவிற் புயல் எழுப்பிய பேரலைகள் நிரப்பிய நிலத்திலேயே புகுந்து, ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு போயின. அவ்வருடம் ஒக்டோபரில் ஜனாதிபதி மஃமூன் அப்துல் கையூம் ஐ.நா. பொதுச்சபையில் கடல்மட்ட உயர்வு பற்றி முறையிட்டார். முறைப்பாடு நியாயமானதே. ஆயினும் அந்த ஏப்ரல் அழிவில் மண் நிரப்பிய கைகளுக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

பின்னர் ஜப்பானிய உதவியுடன் அலைதடுப்புச் சுவர் எழுந்தது. 1997இல் ஹுல்ஹுமாலே வேலை தொடங்கியது. கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 மீற்றர் உயரத்தில் ஒரு புதுத் தீவு! 2004இல் மக்கள் குடியேறினர். 2008இல் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற முஹம்மத் நஷீத், இந்தியாவிலோ இலங்கையிலோ காணி வாங்கி இடம்பெயர்வது பற்றியும் பேசினார். (நமது காணித் தரகர்கள் அன்று மகிழ்ந்திருப்பர்.) அது நடக்கவில்லை. 2015இல் ஹுல்ஹுமாலேயோடு மேலும் 240 ஹெக்டேயர் நிரப்பப்பட்டது. 25 மாடிகள் கொண்ட 16 கட்டடங்களில் 7,000 வீடுகள் அங்கு எழுந்தன.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. இப்போது வேகம் கூடியிருக்கிறது. அந்த 2 மீற்றர், வீட்டுக் கடனை அடைத்து முடிப்பவருக்குப் போதும்; அவரது பேரப்பிள்ளைக்கு? நாட்டின் நிலத்திற் பெரும்பகுதிக்கோ அந்த உயரமும் இல்லை. 1 மீற்றருக்கும் தாழ்ந்தே கிடக்கிறது. தொலைதூரத் தீவுகளிலிருந்து மாடிவீடு தேடி வந்தவர்களுடைய மூத்தவாப்பாமாரின் மையவாடிகள் அங்கேதான் இருக்கின்றன.