எடைக் கவலையும் கட்டுமீறிய உண்ணலும்

கட்டுமீறிய உண்ணல் என்பது குறுகிய நேரத்துக்குள், நிறுத்த முடியாத நிலையில், பெருமளவு உணவை உண்பது. வயிறு வலிக்கும் வரை உண்பதும், வெட்கத்தால் பிறர் கண்ணில் படாமல் உண்பதும், பிறகு தன்னையே வெறுப்பதும் இதன் அடையாளங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959இல் இதை விவரித்தார். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது. வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் நோய் எனக் கொள்ளப்படும்.

எடை கூடிவிடுமோ என்ற பயம் கையைக் கட்டிப்போடும் என்றுதான் தோன்றும். பலரிடம் அது எதிர்விளைவையே தருகிறது. பீட்டர் ஹெர்மனும் டி. மேக்கும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், மாணவியரில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் தந்தார்கள், சிலருக்குத் தரவில்லை. பிறகு ருசி பார்த்து மதிப்பிடுவதற்கென்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் அக்கறையில்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எடைக்குப் பயந்து வாயைக் கட்டியிருந்தவர்களோ குடித்த பிறகுதான் அதிகம் சாப்பிட்டார்கள். ‘இன்றைய பத்தியம் கெட்டுவிட்டது, இனி நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று விளக்கினார்கள். குடித்தது கலோரி மிகுந்தது என்று நம்பவைத்தாலே இப்படி நடக்கலாம் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, இதைப் பெருந்தீனி என்றோ மன உறுதியில்லை என்றோ பழிப்பது அநியாயம்.

உடலுக்கும் இதில் பங்குண்டு. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையைப் பற்றிய அச்சத்தால் பட்டினி கிடந்தவர்கள் அல்ல அவர்கள். ஆனாலும் கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் எவ்வளவு உண்டும் திருப்தியடையவில்லை.

எல்லோருக்கும் வாயைக் கட்டுவதே தொடக்கம் என்று சொல்லிவிட முடியாது. சிலருக்குக் கட்டுமீறிய உண்ணல் முதலில் வந்து, எடைக் கவலை பின்னால் வருகிறது. கவலையும் தனிமையும் தூண்டுவதும் உண்டு. எப்படித் தொடங்கினாலும், அடுத்த வேளையைப் பட்டினி போட்டு ஈடுகட்ட முயன்றால் அது மறுபடியும் கட்டுமீறலிலேயே கொண்டுவிடும்.

ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தச் சுழலைத்தான் உடைக்கப் பார்க்கிறது. மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுண்டி. ஓயாமல் எடை பார்ப்பதை விட்டு வாரம் ஒருமுறை மட்டும். கட்டுமீறல் கணிசமாகக் குறைந்தவர்களுக்கும் எடை பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே சிகிச்சையின் பலனைத் தராசை வைத்து அளப்பது பொருந்தாது.