கூப்பு: முத்துப்பேட்டைக் காட்டுக்குள் ஒரு நடை

திருத்துறைப்பூண்டிக்காரர்களுக்குக் காடு என்றால் ஒன்று கோடியக்கரை, இல்லாவிட்டால் முத்துப்பேட்டை. ஜாம்புவானோடையில் படகேறிக் கோரையாற்றின் வழியே காயலுக்குள் போனால் அலையாத்திக் காடு. கால் சேற்றில் படாமல் பார்வையாளர்கள் நடப்பதற்கென்றே வனத்துறை அங்கே மரப்பாதை போட்டது. இருபுறமும் கண்டல் மரங்கள். கீழே சேற்றில் ஆணி அடித்தாற்போல மூச்சுவேர்கள். பாதை என்பது வெறும் வசதி மட்டுமல்ல; எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது. இந்தக் காட்டின் வரலாறு, பாதை போகாத இடங்களில், மரமே இல்லாமல் உப்புப் பூத்துக் கிடக்கும் வெட்டவெளிகளில் இருக்கிறது.

இந்தப் பொட்டல் எப்படி வந்தது? கேட்டால் தயாராக ஒரு பதில் உண்டு. ஊர்க்காரன் விறகு வெட்டினான், ஆடுமாடு மேய்த்தான், காடு அழிந்தது. கேட்டுக் கேட்டு நமக்கும் அது உண்மையாகிப் போச்சு.

தஞ்சை மராத்தியர் காலத்தில் இந்தக் காட்டின் வருமானம் சத்திரங்களுக்குப் போனது. யாத்ரீகர்களுக்குப் போட்ட சோற்றில் இந்தச் சேற்று மரத்துக்கும் பங்கு உண்டு. பிறகு வெள்ளையர் ஆட்சி, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். ஒதுக்கப்பட்ட காட்டில் ஊரான் ஒரு கட்டு விறகு எடுத்தால் குற்றம். அரசு பகுதி பகுதியாக மொட்டையடித்தால் அதற்குப் பெயர் நிர்வாகம். கூப்பு என்று சொல்கிறோமே, அதுதான். காட்டைப் பிரித்து, முறை வைத்து, ஒரு பகுதியில் உள்ள மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டுவது. வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்பது கணக்கு.

மலைக்காட்டுக் கணக்கு இந்தக் களிமண்ணில் செல்லவில்லை. நிழல் போனதும் வெயில் நேராக இறங்கியது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது, தரை சட்டிபோலக் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் திரும்ப வழியில்லாமல் தேங்கிக் காய்ந்தது. உப்பு ஏறிக்கொண்டே போன மண்ணில் எந்த விதை பிழைக்கும்? 1934இல் மேட்டூர் அணை வந்தபின் நல்ல தண்ணீரின் வரத்தும் குறைந்தது வேறு. வெள்ளைக்காரன் போனான், கூப்பு போகலை. 1970கள் வரை நடந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து இதற்குக் கண்ட வைத்தியம் எளியது: பொட்டலில் மீன்முள் போலக் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டி, ஓதம் வந்து போக வழிவிட்டு, கன்று நடுவது. மரம் பிடித்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது இப்பகுதி மீனவர்களின் பழைய தொழில். அந்த வாய்க்கால் கரைகளில் கண்டல் தழைத்து நிற்பதைப் படகில் போகிற யாரும் பார்த்திருக்க முடியும். ஆக, மருந்து குற்றவாளியின் கையில்தான் இருந்திருக்கிறது. ஏட்டில் வேறு மாதிரி எழுதியிருந்ததால் அது கண்ணில் படவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இக்கரையில் அடித்து இந்தக் காட்டைச் சிதைத்தது. அந்தச் சேதத்தை எண்ணினோம், படம் பிடித்தோம். கூப்பில் போன மரங்களை முறிந்தவையாக யாரும் எண்ணியதில்லை. அவை வரவுக் கணக்கில் இருந்தன.